நாள் தள்ளிப்போதல்

தேய்பிறை அட்டமியன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் வழக்கம்போல் கூட்டம். சாம்பல் பூசணியில் விளக்கேற்றும் வரிசையில் என் பழைய மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மணமாகி ஐந்தாண்டு, ஒரு குழந்தை. கணவனுக்குப் பெங்களூரில் வேலை. என்னைக் கண்டதும் மதிலோரமாக அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில், "அம்மா, ஒன்பது நாள் தள்ளிப்போயிருச்சு" என்றாள்.

நல்ல செய்திதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் தடுத்துவிட்டது.

விடுப்பில் வந்த கணவன், 'பாதுகாப்புத் தவறிய' ஓர் இரவுக்கு மறுநாள் விழுங்கச் சொல்லி ஒரு மாத்திரை தந்திருக்கிறான். முன்பே பெங்களூரில் வாங்கி வைத்திருந்தது. அவளும் விழுங்கிவிட்டாள். குறித்த நாளில் விலக்கு வரவில்லை. மாத்திரை பொய்த்துவிட்டது, கரு தங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். 'கலைக்கிற மாத்திரை' வாங்கித் தருவதாகத் தெரிந்த பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அன்றிரவே அதை விழுங்குவதாகத் திட்டம். சோதித்துப் பார்த்தாயா என்றேன். "எதுக்கும்மா, அதான் நாள் தள்ளிப்போச்சே?" என்றாள்.

அந்தப் பதிலை அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் மொழியில் நாள் தள்ளிப்போவது என்றால் ஒரே பொருள்தான். முழுகாமல் இருக்கிறாள் என்பதும் அப்படியே. விலக்கு வராமையும் கருவுறுதலும் நம் வழக்கில் ஒன்றே. ஆனால் இந்த மாத்திரை வேலை செய்யும் வழியே தள்ளிப்போடுவதுதான்! வெற்றியின் அடையாளமாகவும் இருக்கக்கூடிய ஒன்றைத் தோல்வியின் அடையாளமாகவே படிக்கும்படி அவளுடைய மொழி அவளைப் பழக்கியிருக்கிறது.

மாத்திரையில் இருப்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், பொதுவாக 1.5 மில்லிகிராம். உறவுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது. சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்படுவதற்கு முன்னால் எடுத்தால், அந்த வெளிப்பாட்டைத் தடுக்கும் அல்லது சில நாள் ஒத்திவைக்கும். முட்டை வெளிவந்த பின் எடுத்தால் பெரிதாகப் பயனில்லை. தங்கிவிட்ட கருவை இது கலைக்காது, கெடுக்கவும் செய்யாது. உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ஆனாலும் 'கருக்கலைப்பு மாத்திரை' என்றே படித்தவர்களும் இதைக் குறிப்பிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு மருந்துகள்.

முட்டையின் நாள் நகர்ந்தால் விலக்கின் நாளும் நகரத்தானே வேண்டும்? மாதத்தின் எந்தக் கட்டத்தில் விழுங்கினோம் என்பதைப் பொறுத்துச் சிலருக்குச் சில நாள் முந்தும், சிலருக்குப் பிந்தும். இடையில் சிறிது உதிரம் தென்படலாம், போக்கு கூடலாம் அல்லது குறையலாம். பெரும்பாலோர்க்கு எதிர்பார்த்த நாளுக்கு ஒரு வாரம் முன்பின்னாக வந்துவிடும். அடுத்தடுத்த மாதங்களில் பழைய ஒழுங்கு திரும்பும். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் செய்ய வேண்டியது சிறுநீர்ச் சோதனை. முடிவைத் தாமே எழுதிக்கொள்வதல்ல. இன்னொன்று: ஒத்திவைக்கப்பட்ட முட்டை பிறகு வெளிவரக்கூடும் என்பதால், அதே மாதத்தில் பின்னர் நேரும் உறவுக்கு இந்த ஒரு மாத்திரை காவலாகாது. இதைப் பலர் அறியார்.

கணவன் ஏன் பெங்களூரில் வாங்க வேண்டும்? மருத்துவர் சீட்டின்றி இதை விற்கலாம் என்று 2005இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. 2007இல் ஐ-பில் சந்தைக்கு வந்து தொலைக்காட்சியெங்கும் விளம்பரமானது. தமிழ்நாட்டு மருந்துக் கடைகளிலோ பல்லாண்டுகளாக இது எளிதில் கிடைப்பதில்லை. கேட்டால் "இங்க வராது" என்பார்கள். கேட்டவளை ஒரு பார்வை பார்ப்பார்கள். பண்பாட்டைக் காப்பதாக நினைப்பு. காப்பாற்றப்பட்டது எது என்று எனக்குத் தெரியவில்லை. மாத்திரை எல்லை தாண்டி வந்துவிடுகிறது. அதைப் பற்றி ஒரு பெண் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு நிமிடப் பேச்சு மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

எங்கள் ஊர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன். அதன் பயன் இன்னதென்று சொல்லாமலே ஈந்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. அது அவன் பெருந்தன்மை. ஆனால் மருந்தைச் சொல்லாமல் கொடுக்கும் கணவன்மாரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நம் முன்னோர் இதைப் பேசாதவர்களும் அல்லர். பூப்பு நிகழ்ந்ததிலிருந்து பன்னிரண்டு நாள், பரத்தையிற் பிரிந்த தலைவனும் தலைவியை நீங்கியிருத்தல் அறமன்று எனக் கற்பியலில் நாள் எண்ணிச் சொல்கிறார் தொல்காப்பியர். தலைவி பூப்பெய்திய செய்தியைத் தலைவனுக்கு அறிவிக்கத் தோழிக்குச் செவ்வணி அணிவித்து விடுப்பது அகப்பொருள் மரபு. தெரு பார்க்கச் சிவப்பு உடுத்திச் செல்லும் ஒருத்தி! இதைக் காட்டிப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. அங்கும் எண்ணப்பட்டவை அவளுடைய நாள்களே. எண்ணியது அவளுக்காக அன்று, குலம் தழைக்க. வேண்டாம் என்று நினைத்த தலைவிக்கு அந்த நூற்பாவில் இடமில்லை. இருந்தாலும், உடலின் கணக்கு இலக்கணத்துக்கு உரிய பொருள் என்று ஒருவர் கருதியிருக்கிறார்.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் படித்த ஆண்டில் கற்பியல் நடத்தியவள் நான்தான். அந்த நூற்பா வந்தபோது, "இது தேர்வுக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டினேன். பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் தலைகுனிவார்கள் என்ற பயம். நாள்கணக்கை அவள் கேட்டிருக்கக்கூடிய ஒரே வகுப்பறை அதுவாக இருந்திருக்கலாம்.

அன்று மாலையே கிராம சுகாதாரச் செவிலியரிடம் அழைத்துப்போனேன். சோதனை அட்டையில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது. கரு இல்லை. இல்லாத கருவைக் கலைக்க, யாரோ கொடுக்கும் மருந்தை மருத்துவர் துணையின்றி வீட்டில் விழுங்கியிருப்பாள். உதிரம் கொட்டியிருக்கும், அதைக் கரு கலைந்ததாகவே நம்பி, அந்தப் பாரத்தையும் சுமந்திருப்பாள். இன்னும் ஒரு வாரத்தில் வராவிட்டால் மீண்டும் சோதிக்கலாம், மருத்துவரையும் பார்க்கலாம் என்றார் செவிலியர்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். "வந்துருச்சும்மா" என்றாள். பிறகு, "இது இப்படித் தள்ளும்னு அவருக்கும் தெரியாதாம்" என்றாள். மாத்திரையோடு வந்த தாளைப் பத்திரமாக வைத்திருந்தாள்; அடுத்த முறை பார்த்தபோது காட்டினாள். பொடி எழுத்து, அதில் தமிழ் இல்லை.

இந்தப் பருவத்தில் கற்பியல் மறுபடியும் என் பங்குக்கு வந்திருக்கிறது. அந்த நூற்பாவுக்கு இரண்டு வகுப்பு ஒதுக்கியிருக்கிறேன்.