கையெழுத்து யாருடையது?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலை பறித்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் எனத் தெரிந்தால், மருத்துவத்திற்காகக் கோட்டயத்துக்கோ தேனிக்கோ மலையிறங்க வேண்டும். மலையாளம் கற்ற பேரப்பிள்ளையும் உடன் செல்கிறான். மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைப்பவன் அவனே. “பாட்டியிடம் வெறும் கட்டி என்று மட்டும் சொல்” என மாமா முன்பே சொல்லி வைத்திருப்பார். அறுவையா, கதிர்வீச்சா என்பதைப் பெரியவர்கள் தாழ்வாரத்தில் நின்று முடிவு செய்வர். காட்டிய இடத்தில் பாட்டி கைநாட்டு வைப்பார்.

அன்பினால் செய்வதே இது, ஆயினும் முறையன்று. தொடக்க நிலை மார்பகப் புற்றில் மார்பை முழுவதும் அகற்றலாம். பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிக்கவும் இயலும். உயிர்காப்பதில் இவ்விரண்டும் ஏறத்தாழ நிகரானவை. ஆனால் கதிர்வீச்சுக்குப் பல வாரங்கள் நகரில் தங்க நேரும். தோட்ட வேலையை விட்டு அவ்வாறு தங்க இயலுமா, உடலுறுப்பை இழப்பதைத் தாங்க இயலுமா என்பவற்றை எந்த மருத்துவ நூலும் சொல்லாது. நோயுற்றவர் மட்டுமே சொல்வார். மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணிய வள்ளுவரும் நோயாளியையே முதலில் வைத்தார்; மருத்துவர் அடுத்தே வருகிறார்.

சட்டமும் இதையே கூறுகிறது. 1995இல் தில்லியில் மயக்க நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவருடைய தாயின் சம்மதத்தை மட்டும் பெற்றுக் கருப்பையை அகற்றினர். அது புற்றுநோய் அன்று. உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. வயது வந்த மகளுக்காகத் தாய் அளித்த சம்மதம் செல்லாது என 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்று வழிகளையும், சிகிச்சையை மறுத்தால் நேர்வதையும் நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் கூறியது.

உண்மை தெரிந்தால் மனம் உடைந்துவிடுவார் என்பர். சிலர் அறிய விரும்பாமலும் இருக்கலாம். அதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும். மாமா ஊகித்துக்கொள்வது போதாது.

மொழித் தடையைச் சிறுவனின் நாவால் கடப்பது அவனுக்கும் கொடுமை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே மறுமொழி பெற வழி செய்துள்ளது. நிலவரி பற்றிய விண்ணப்பத்திற்குத் தமிழ் உண்டெனில், உடலை அறுக்க ஒப்பும் படிவத்திற்கும் தமிழ் வேண்டும். எல்லையோர மருத்துவமனைகளில் தமிழ் அறிந்த செவிலியர் ஒருவர் அதைப் பாட்டிக்குப் படித்துக்காட்ட வேண்டும். அப்போது பேரன் வெளியே அமர்ந்திருக்கலாம்.