பரணில் தூங்கும் 48 கே

ஜே. பிறகு சிம்பல் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி இரண்டு முறை பி. கடைசியாக என்டர். பிரிட்டனில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இந்த வரிசை வாய்ப்பாடு மாதிரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் தானாகப் போகும். 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற வீட்டு கம்ப்யூட்டரில் கேசட்டிலிருந்து கேமை ஏற்றும் கட்டளை அது. ஜே என்ற ஒரு விசையைத் தட்டினால் 'லோட்' என்ற முழுச் சொல்லும் திரையில் வந்து விழும்.

1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் இதைக் கொண்டுவந்தது. 48 கே நினைவகம் உள்ளதற்கு 175 பவுண்டு, 16 கே போதும் என்றால் 125. அந்த 48 கே எவ்வளவு? தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பூங்கொத்துப் படத்தைக்கூட அதற்குள் திணிப்பது கஷ்டம். ரப்பர் விசைகள், கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டி, மூலையில் ஒரு வானவில் பட்டை. மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி.யில்தான் இணைக்க வேண்டும். டிஸ்க்கும் கிடையாது. பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர்தான் சேமிப்புக் கிடங்கு.

கேசட்டை ஓடவிட்டால் காதைக் கிழிக்கும் சத்தம். டி.வி. திரையின் ஓரமெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். ஒரு பெரிய கேம் ஏறி முடிக்க ஐந்து நிமிடம்வரை ஆகும். நாலரை நிமிடம் ஓடிவிட்டு 'டேப் லோடிங் எரர்' என்று வந்தால், கேசட்டைச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து. வால்யூமைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பார்கள், குறைத்துப் பார்ப்பார்கள், டேப் ஹெட்டின் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மயிரிழை திருப்பிப் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் ஒரே டி.வி.யை இதற்காகப் பிடித்துவைத்திருந்தால் அப்பா சும்மா இருப்பாரா? அந்தச் சண்டையும் இந்த நினைவில் சேர்த்தி.

அப்படி வளர்ந்த பிள்ளைகளில் சிலர்தான் இன்றைய சேகரிப்பாளர்கள். கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த மாடல் வாங்குவதற்காகப் பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள், வேலை சம்பளம் என்று ஆனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை 'கார் பூட் சேல்' போவார்கள். காரின் டிக்கியைத் திறந்துவைத்து வீட்டுச் சாமான்களை விற்கும் சந்தை அது. பீங்கான் தட்டுகளுக்கும் பழைய ஷூவுக்கும் நடுவே அதே ரப்பர் விசைகள் தெரியும். சில பவுண்டைக் கொடுத்து வாங்கி வருவார்கள்.

ஒன்றோடு நின்றால் பரவாயில்லை. பிபிசி மைக்ரோ, கமோடோர் 64, ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464, வேல்ஸில் தயாரான டிராகன் 32 என்று வரிசையாக வந்து சேரும். கூடவே ஜாய்ஸ்டிக்குகள், அந்தக் காலப் பத்திரிகைகள், நூற்றுக்கணக்கில் கேசட்டுகள். முதலில் ஓர் அலமாரி, அப்புறம் ஓர் அறை, அப்புறம் பரண், கடைசியில் கார் ஷெட். கார் தெருவில் மழையில் நனைந்துகொண்டிருக்கும். வீட்டு அம்மாள் என்ன சொல்வார் என்பதை வாசகர்களே யூகிக்கலாம். அந்த விஷயத்தில் எல்லா நாடும் ஒரே நாடுதான்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது குப்பை சேர்ப்பதாகத் தெரியும். இல்லையென்றால் பணம் பண்ணும் வழியாகத் தெரியும். பணம் இருக்கத்தான் செய்கிறது. 2021 ஜூலையில், பிரிக்கப்படாத ஒரு 'சூப்பர் மரியோ 64' பெட்டி அமெரிக்க ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு மேல் போனது. உள்ளே இருக்கும் கேமை யாரும் ஒருநாளும் விளையாடப்போவதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, மதிப்பெண் போட்டு, லாக்கரில் வைத்துவிடுவார்கள். அது தங்கக் காசு வாங்கிவைப்பது போன்ற முதலீடு. உண்மையான பைத்தியம் வேறு ரகம். ஒவ்வொரு பெட்டியும் ஓட வேண்டும், அந்தக் கிறீச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

ஓடவைப்பதுதான் பெரும்பாடு. இந்த இயந்திரங்களை நாற்பது வருடம் உழைக்கும் என்று நினைத்து யாரும் செய்யவில்லை. ஸ்பெக்ட்ரத்தின் ரப்பர் விசைகளுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு. அதன் நாக்குப் போன்ற பகுதி காய்ந்து நொறுங்கிவிடும். பாதி விசைகள் செத்துப்போகும். கமோடோர் 64 இன்னும் ஆபத்து. அதன் பவர் சப்ளை செங்கல் மாதிரி ஒரு கனத்த கட்டி. உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பதால் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது. வயதானால் 5 வோல்ட் தர வேண்டிய இடத்தில் கூடுதலாக அனுப்பிவிடும். அவ்வளவுதான், மெமரி சிப்புகள் பொசுங்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் பரணிலிருந்து இறக்கியவுடன் ஆசையாக ப்ளக்கில் மாட்ட மாட்டார்கள். மீட்டரை வைத்து அளந்த பிறகுதான் மாட்டுவார்கள்.

எல்லாவற்றிலும் கொடுமை 'அமிகா 500 பிளஸ்'. தேதியும் நேரமும் நினைவிருப்பதற்காக அதன் சர்க்யூட் போர்டிலேயே ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்தால் பேட்டரி கசியும். கசிந்த காரம் தாமிரத் தடங்களை அரிக்கும். மேலே பெட்டி பளபளவென்று இருக்கும், திறந்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் பிடித்த மாதிரி கிடக்கும். பத்திரமாக மூடிவைத்த பெட்டிக்கும் இதே கதிதான். ஆசையாகப் பாதுகாத்தவர் வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். இந்தப் பேட்டரியை வெட்டி எடுத்துவிடு என்பதுதான் சேகரிப்பாளர்கள் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

அப்புறம் மஞ்சள் பூப்பது. வெள்ளையாகவும் சாம்பலாகவும் இருந்த பிளாஸ்டிக் உடல்கள் பழைய ஃபேன் ரெகுலேட்டர் நிறத்துக்கு வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். முடிக்குப் போடும் அதே சரக்குதான். சில வருடத்தில் மஞ்சள் திரும்பி வரவும் செய்யும். அதனால் 'வயதானால் நரைக்கட்டுமே' என்று அப்படியே விடுகிற கட்சியும் உண்டு. இந்த இரண்டு கட்சிக்கும் நடக்கும் வாக்குவாதம் ஒருநாளும் முடியாது.

இயந்திரத்தையாவது சால்டரிங் வைத்துப் பிழைக்கவைக்கலாம். கேசட்டில் இருப்பது போனால் போனதுதான். அந்த நாளில் கேம் செய்ய கம்பெனி தேவைப்படவில்லை. 1983இல் வந்து பெரும்புகழ் பெற்ற 'மேனிக் மைனர்' கேமை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு அப்போது பதின்ம வயது. தனியாக உட்கார்ந்து எழுதியது. அவரைப் போலப் படுக்கையறையில் எழுதி, வீட்டிலேயே கேசட் பதிந்து, பத்திரிகையில் சின்ன விளம்பரம் போட்டுத் தபாலில் விற்றவர்கள் நிறைய. புகழ் பெற்றவை பிழைத்துவிட்டன. சில டஜன் மட்டும் விற்றவற்றின் கதி? யாரோ ஒருவரின் ஷூ டப்பாவில் ஒரு பிரதி இருந்தால் உண்டு.

நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை. 'ஹாபிஸ்கூப்' என்ற ரேடியோ நிகழ்ச்சியில் கம்ப்யூட்டர் புரோகிராம்களையே ஒலியாக ஒலிபரப்பினார்கள். ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். இணையம் வருவதற்கு முன்னால் நடந்த டவுன்லோடு என்றே சொல்லலாம்.

சேகரிப்பாளர்கள் இந்தக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, டிஜிட்டல் கோப்பாக மாற்றிவைக்கிறார்கள். இன்றைய கம்ப்யூட்டரிலும் போனிலும் 'எமுலேட்டர்' என்ற மென்பொருள் பழைய இயந்திரம் போலவே நடித்து அவற்றை ஓட்டும். ஆனால், சட்டம் குறுக்கே நிற்கிறது. கேமை எழுதிய கம்பெனி மூடி முப்பது வருடம் ஆகியிருக்கும். உரிமை யாரிடம் போனது என்பதும் தெரியாது. அப்படியும் பதிப்புரிமை செத்துவிடுவதில்லை. ஸ்பெக்ட்ரம் கொஞ்சம் கொடுத்துவைத்தது. 1986இல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், அதன் ஆதார மென்பொருளை எமுலேட்டர்களோடு சேர்த்து வழங்கிக்கொள்ளலாம் என்று 1999இல் பெருந்தன்மையாக அனுமதித்தது. எல்லோரும் அப்படி இல்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. நூலகங்கள் அவற்றை ஆராய்ச்சியாளர்களுக்குத் தொலைவிலிருந்து பயன்படுத்தக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் முடியாது என்றுவிட்டது. ஆக, ஒருவர் அசல் பிரதியைப் பார்க்க வேண்டுமென்றால் யாரோ ஒரு பைத்தியக்காரரின் கார் ஷெட்டுக்குத்தான் போக வேண்டும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு துண்டு உண்டு. ஸ்பெக்ட்ரத்தைப் புனேயில் 'டெசிபெல்ஸ்' நிறுவனம் உரிமம் பெற்று விற்றது. தொண்ணூறுகளில் இங்கே வீட்டுக்கு வீடு இருந்த டி.வி. கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பானின் நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த நகல்கள். கேசட் ஓடவில்லையென்றால் எடுத்து 'ஃபூ' என்று ஊதி மாட்டுவோமே, அதைச் செய்யாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. எச்சில் ஈரம் உலோக முனைகளைக் கெடுக்குமாம். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதே சரி. அந்தப் பெட்டியோடு வந்த வாத்து சுடும் துப்பாக்கியும் வீட்டில் இருக்கிறதா? இன்றைய எல்இடி டி.வி.யில் அது ஒரு வாத்தைக்கூடச் சுடாது. குண்டு டி.வி.யின் ஒளிக்கற்றை ஓடும் விதத்தை நம்பிச் செய்தது அது. அதனால்தான் சேகரிப்பாளர்கள் பழைய குண்டு டி.வி.களையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இடுப்பு வலியோடு.

அவர்களுக்கும் வயதாகிறது. 1982இல் பன்னிரண்டு வயதாக இருந்தவருக்கு இப்போது ஓய்வு நெருங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்த அறையில் இருப்பது எது பொக்கிஷம், எது வெறும் வயர் என்று தெரியாது. காரியம் முடிந்த மறுவாரம் குப்பை வண்டி வாசலில் நிற்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விவரமானவர்கள் ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். இதில் என்ன இருக்கிறது, ஓடுகிறதா, யாரைக் கூப்பிட வேண்டும், எதை எந்த அருங்காட்சியகத்துக்குத் தர வேண்டும் என்று கொட்டை எழுத்தில். கேம்பிரிட்ஜில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று மையம் இப்படி வருகிற நன்கொடைகளை வாங்கிக்கொள்கிறது. அங்கே பல இயந்திரங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டிவைப்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் பழைய பிபிசி மைக்ரோ முன்னால் உட்கார்ந்து தாங்களே இரண்டு வரி புரோகிராம் அடித்துப் பார்க்கலாம்.