‘அது பாட்டுக்கு வளரும்’

ஊரில் இரண்டு ஏக்கர் வாங்கி வேலி போட்டவர்களிடமும், ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் குடியேறப் போகிறவர்களிடமும் இன்று ஒரே பேச்சுதான் புழங்குகிறது. “நாட்டுக்கோழி நாலு வாங்கி விட்டாப் போதும், அது பாட்டுக்கு வளரும்.” பேச்சு அதோடு நிற்பதில்லை. நாட்டுக்கோழிக்கு நோய் வராது, தீவனச் செலவு கிடையாது, முட்டையே மருந்து. கூடவே இரண்டு ஆடு, ஒரு ஜோடி வான்கோழி, நாலு வாத்து விட்டால் ஒன்றின் கழிவு இன்னொன்றுக்குத் தீனியாகிவிடும். போதாக்குறைக்கு, அழிந்துவரும் இனத்தைக் காத்த புண்ணியமும் சேரும்.

தோட்டத்தில் கோழி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நானே வளர்க்கிறவன், எல்லோரும் வளர்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் ‘அது பாட்டுக்கு’ என்ற அந்தச் சொல்லை நம்பி வாங்கப்பட்ட கோழிகளில் பெரும்பாலானவை முதல் கோடையைத் தாண்டுவதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நோய். நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்பவர்கள் வெள்ளைக்கழிச்சலுக்கு நம் நாட்டில் வழங்கும் இன்னொரு பெயரைக் கவனிப்பதில்லை. ராணிக்கெட் என்பது உத்தரகண்ட் மலையில் இருக்கும் ஓர் ஊர். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்ட நோய், அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மலையூரிலும் அடையாளம் காணப்பட்டது. ஊர்ப் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. அப்போது இந்தியாவில் பிராய்லர் பண்ணை என்று ஒன்று இல்லை. மடிந்ததெல்லாம் வீட்டு முற்றத்துக் கோழிகள்தான்.

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மாசி, பங்குனி வந்தால் ‘சீக்கு வந்திருச்சு’ என்று தெருவுக்குத் தெரு பேச்சு வரும். முதல் நாள் கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். பிழைத்துக் கிடந்தால் கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, இரையைக் கொத்தப் போய் மண்ணைக் கொத்தும். ஒரு வீட்டில் தொடங்கினால் ஒரு வாரத்தில் தெருவே காலியாகும். சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் அரைத்துக் கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை. செரிமானக் கோளாறுக்கும் சளிக்கும் கொடுக்கட்டும். ஆனால் இது வைரஸ் நோய். வந்தபின் தீர்க்க மருந்தில்லை, வராமல் தடுக்கத்தான் வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, நாலாவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் ஊசி. கால்நடைத் துறை ஆண்டுதோறும் கோடைக்கு முன்னால் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. புறக்கடைக் கோழிகளைப் பிடித்து ஊசி போடுவது எளிதல்ல என்பதால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இரையோடு தின்னக் கொடுக்கும் குருணை வடிவில் தடுப்பு மருந்தே தயாரித்தது. நோயே வராத பறவைக்கு எதற்கு இவ்வளவு பாடு?

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். பதினைந்து கோழி வைத்திருப்பவர் மீதியைக் கொட்டத்தான் வேண்டும், அதனால் வாங்குவதே இல்லை. இதற்குத் தீர்வு பக்கத்து வீடுகளோடு நாள் பேசிக்கொள்வது. விடியுமுன் கூட்டைத் திறக்காமல் வைத்திருந்து, பிளாஸ்க்கில் பனிக்கட்டியோடு மருந்தை எடுத்துக்கொண்டு ஐந்தாறு வீடு போனால் ஏழு மணிக்குள் வேலை முடியும். ‘அது பாட்டுக்கு’ நடக்கிற காரியம் இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டுச் செய்கிற மற்ற எல்லாமே வீண்.

அடுத்தது தீவனம். இங்கேதான் பெரிய கணக்குப் பிசகு நடக்கிறது. நாட்டுப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரிக்க இருபத்தொரு நாள், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிய இரண்டு மாதத்துக்கு மேல். ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டை கிடைத்தால் நல்ல கோழி. அதை அடைத்துப் போட்டு முழுத் தீவனமும் நாமே கொடுத்தால் நாளொன்றுக்கு 85 கிராம் வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 31 கிலோ. எழுபது முட்டைக்கு வகுத்தால் முட்டை ஒன்றுக்கு 440 கிராம் தீவனம். நாமக்கல் பண்ணையில் இருக்கும் வெள்ளை லெகார்ன் நாளுக்கு 110 கிராம் தின்று ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடுகிறது. முட்டைக்கு 130 கிராம். அதாவது அடைத்து வளர்த்தால் நாட்டுக்கோழியைப் போல நட்டம் தரும் பறவை வேறில்லை.

நாட்டுக்கோழியின் சாமர்த்தியமே தன் இரையைத் தானே தேடிக்கொள்வதில் இருக்கிறது. களத்தில் சிந்தியது, குப்பைமேட்டுப் புழு, ஆட்டுப் புழுக்கைக்குள் நெளிவது, அடுப்படிச் சோறு, கீரைத் துளிர் என்று நம் கைக்காசு ஒட்டாத தீனி. பழைய பானையில் கிழிந்த கோணியையும் காய்ந்த சாணியையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் இருக்கும் இடத்தில் சாயங்காலம் வாய் கீழாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் பானையைத் தூக்கிக் குஞ்சுகளுக்கு முன் தட்டினால், தாய்க்கோழி கொக்கரித்துக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு கரையானைக்கூட விடாமல் தின்னக் கொடுக்கும். வளரும் குஞ்சுக்குப் புரதம் இதைவிட மலிவாகக் கிடைக்காது.

ஆனால் இந்த இலவசத் தீனிக்கு ஓர் அளவுண்டு. ஒரு முற்றமும் ஒரு களமும் பத்துப் பதினைந்து உருப்படியைத் தாங்கும். ‘பதினைந்தில் இவ்வளவு கிடைத்தால் நூறில் எவ்வளவு’ என்று பெருக்கிய நிமிடமே கணக்கு உடைகிறது. பதினாறாவது கோழியிலிருந்து ஒவ்வொன்றும் மூட்டைத் தீவனத்தைத்தான் தின்னும். பிராய்லர் கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ தீவனம் தின்கிறதென்றால், நாட்டுக்கோழி அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் கேட்கும். நாலு மாதம், ஐந்து மாதம் காத்திருக்கவும் வேண்டும். பெருக்கல் கணக்கைக் காட்டிப் பணம் வாங்கியவர்களைக் கொங்கு நாடு பார்த்துவிட்டது. 2012இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு நிறுவனங்கள் சரிந்து, முதலீடு போட்டவர்கள் போலீஸ் நிலைய வாசலில் நின்றார்கள். தீனியில்லாத ஈமுக்களைப் பராமரிக்கும் வேலை அரசு தலையில் விழுந்தது. ‘குஞ்சும் தீவனமும் நாங்களே தருவோம், மாதாமாதம் பணம் போடுவோம்’ என்ற அதே பேச்சு நாட்டுக்கோழி பெயரிலும் நடந்தது. பறவை மாறினாலும் துண்டறிக்கை மாறவில்லை.

முட்டை மருந்து என்பதற்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்ததல்ல. மஞ்சள் கருவின் நிறம் கோழி தின்ற கீரையையும் மஞ்சள் சோளத்தையும் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கலப்பினங்கள் உண்டு; அந்த முட்டைதான் பல ஊர்களில் நாட்டு முட்டை விலைக்குப் போகிறது. கருங்கோழி என்கிற கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதி மக்கள் வளர்த்த இனத்துக்கான அங்கீகாரம். சர்க்கரை நோய்க்கும் ஆண்மைக் குறைவுக்கும் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு இல்லை. கறுப்பு நிறம் மெலனின் மிகுதியால் வருவது. சுவை நன்றாக இருக்கிறது, சாப்பிடுங்கள். அந்தக் காரணம் போதும்.

இதோடு வரும் இன்னொரு பேச்சு, ‘பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள்’ என்பது. நாட்டுக்கோழியைப் புகழ இந்தப் பொய் தேவையே இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி ரகங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் முதல் ரகம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசியில்லை, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவு அது. இதில் நமக்கும் பாடம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

எல்லா உயிரையும் ஒன்றாக விடலாம் என்பது படத்தில் அழகாக இருக்கும். வான்கோழிக்குக் கருந்தலை நோய் என்று ஒன்று உண்டு. அதற்குக் காரணமான நுண்ணுயிரி கோழியின் குடல்புழு முட்டைக்குள் பத்திரமாகப் பயணம் செய்யும். கோழி அதைச் சுமந்துகொண்டே நலமாகத் திரியும். அதே மண்ணில் மேயும் வான்கோழி செத்து விழும். அந்தப் புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே வான்கோழி வேண்டுமென்றால் கோழி மேயாத இடம் வேண்டும். வாத்துகள் தண்ணீர்த் தொட்டியைக் கலக்கிச் சுற்றுமுற்றும் ஈரமாக்கும். ஈரத் தரையில் கோழிக்குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும். கோழித் தீவன மூட்டையில் ஆடு வாய்வைத்துவிட்டால் வயிறு உப்பி மறுநாள் காலையில் ஆடு இருக்காது. ஒன்றாக வளர்க்கலாம்; இடையில் தட்டியும், தனித் தண்ணீரும், பூட்டுப் போட்ட தீவன அறையும் வேண்டும்.

இனி அந்தப் புண்ணியக் கணக்கு. வாங்கி வளர்த்தாலே இனம் காக்கப்படுமா? முதலில் எதை வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். சிறுவிடை, உடம்பில் சிறியது, நன்றாக அடைகாக்கும், பருந்தின் நிழல் தரையில் விழுமுன் குரல் கொடுக்கும். பெருவிடை, சண்டைச் சேவல் வழி வந்தது, அசில் ரத்தம். முட்டை குறைவு, அடை உட்கார்ந்தால் தன் கனத்தில் முட்டையை உடைக்கும். அதனால்தான் சேவல்காரர்கள் பெருவிடை முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைப்பார்கள். முட்டைக்கென்று கேட்பவருக்குப் பெருவிடையைத் தள்ளிவிடும் வியாபாரிகள் இருக்கிறார்கள். வனராஜா, கிரிராஜா போன்றவை ஆராய்ச்சி நிலையங்கள் புறக்கடைக்காகவே உருவாக்கிய நல்ல கோழிகள். அவற்றை நாட்டுக்கோழிக் குஞ்சு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

‘கலப்பே இல்லாத தூய இனம்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று டார்வின் சொன்னார். ஆனால் நம் கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வீட்டுப் பெட்டைக்கும் காட்டுச் சேவலுக்கும் இருந்த தொடர்பு அந்தக் காலில் தெரிகிறது.

இனத்தை அடையாளம் காட்டுவது இறகு நிறத்தைவிடப் பழக்கம்தான். அடைக்கு உட்காருவது, குஞ்சைச் சிறகுக்குள் அணைப்பது, கீரியைக் கண்டால் மரமேறுவது, கரையானைத் தேடிக் கீறுவது. முட்டைகளை இன்குபேட்டரில் வைத்து, குஞ்சுகளை பல்புக்கு அடியில் வளர்த்து, கூண்டில் தீவனம் போட்டால், அடை உட்காராத பெட்டையே அதிக முட்டை தரும். அதன் வாரிசே பெருகும். ஆல்பர்ட்டா ஆய்வு காட்டிய, எடையைக் கூட்டிய அதே பொறுக்கல், இங்கே நாம் அறியாமலே தாய்மையைக் கழிக்கும். பத்துத் தலைமுறை போனால் நாட்டுக்கோழி நிறத்தில் ஒரு பண்ணைக்கோழி மிஞ்சும்.

இன்னொன்று ரத்த உறவு. ஒரு சேவல், பத்துப் பெட்டை என்பதுதான் பெரும்பாலான தோட்டங்களின் கணக்கு. ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுப்பது மரபியல்காரர்களின் வாய்பாடு. நாற்பதைப் பதினொன்றால் வகுத்தால் 3.6. பார்வைக்குப் பதினொரு கோழி, மரபு அளவில் நாலுகூட இல்லை. அதே சேவலின் மகனை அடுத்த சேவலாக நிறுத்தினால் மூன்றாவது நாலாவது ஈட்டிலேயே கூமுட்டை கூடும், குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகும். ஆட்டிலும் இதே கதை. நன்றாக வளர்ந்த கிடா முதலில் விலை போகிறது. விலை போகாத நோஞ்சான் பொலிகிடாவாக நிற்கிறது. கொடி ஆடும் கன்னி ஆடும் வைத்திருந்த பெரியவர்கள் பொலிகிடாவை விற்கும் முன் யோசித்தார்கள்.

கிராமத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. பெட்டையை ‘வாரத்துக்கு’ விடுவார்கள். கோழி என்னுடையது, வளர்ப்பது நீ. பொரிக்கிற குஞ்சில் பாதி உனக்கு. இப்படி ஒரு வீட்டுக் கோழியின் வம்சம் ஐந்து தெருவுக்குப் பரவும். சீக்கு வந்து ஒரு வீடு காலியானாலும் இன்னொரு வீட்டில் அதே ரத்தம் இருக்கும். சேவல்கள் ஊர் மாறும். வேலிக்குள் தனியாக வளர்க்கும் தோட்டக்காரரிடம் இல்லாதது இந்தத் தொடர்புதான். அவர் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை: இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சேவலை மாற்ற வேண்டும். சந்தையில் வாங்க வேண்டாம், சீக்கும் கூடவே வரும். ஐந்தாறு மைல் தள்ளி, தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த வீட்டில் கேட்கலாம். பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள். உங்கள் சேவலைத்தான் கேட்பார்கள். கொண்டுவந்த சேவலை இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருந்து, எச்சத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பெட்டைகளோடு விடுங்கள்.