பிள்ளை கைவிட்டால் சிறை! அரசு கைவிட்டால்?

பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுவதற்கென 2007ஆம் ஆண்டு இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. தம் பொறுப்பிலுள்ள முதியவரை எங்கேனும் கொண்டுபோய் விட்டுக் கைகழுவுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் உருபா வரை தண்டம், அல்லது இரண்டும் என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவு அறைகின்றது. நல்ல சட்டந்தான், ஈன்றோரைத் தெருவில் விடுவார்க்கு அது வேண்டியதே. ஆனால், அதே சட்டம் தன் 20ஆம் பிரிவில் அரசு மருத்துவமனைகளைப் பற்றிப் பேசுங்கால் குரல் தாழ்த்திக் கொள்கின்றது. முதியோர் அனைவர்க்கும் 'இயன்ற மட்டும்' படுக்கை தரப்படுமாம்! அவர்களுக்கெனத் தனி வரிசை அமைக்கப்படுமாம்! மாவட்ட மருத்துவமனைதோறும் முதியோர் மருத்துவத்தில் பட்டறிவுள்ள மருத்துவர் தலைமையில் தனி ஏந்துகள் செய்யப்படுமாம்! செய்யத் தவறினால்? ஒரு நாட் சிறையும் இல்லை. ஒரு காசு தண்டமும் இல்லை. கூலிக்காரன் தன் தாயைக் கைவிட்டால் குற்றவாளி. கோடி கோடியாய் வரி தண்டும் அரசு கைவிட்டாலோ 'இயன்ற மட்டும்' செய்த அறவோன்! இஃது எந்த நாட்டு முறை? எந்த அறநூல் வகுத்த நெறி?

அரசு மருத்துவமனைகளில் நாள்தோறும் நடப்பது யாது? எழுபது அகவை கடந்த ஏழை ஒருவர் புறநோயாளர் பகுதிக்குச் சென்றால், விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கின்றார். சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, குருதி கொடுக்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. 'ஏ ஆயா, தள்ளி நில்லு!' 'யோவ் பெருசு, காது கேக்கலையா?' என்னும் ஏச்சுகளுக்கு இடையே நகர்ந்து நகர்ந்து மருத்துவர் முன் சென்று நின்றால், நோயைப் பற்றிய வினாவுக்கு முன்னால் அகவையைப் பற்றிய வினா எழுகின்றது. அகவையைச் சொன்னதும் பாதி மருத்துவம் முடிந்து விடுகின்றது! மூச்சிரைப்பா? மூப்பு. முழங்கால் வீக்கமா? மூப்பு. தலைச்சுற்றலா? மூப்பு. நினைவுத் தடுமாற்றமா? அதுவும் மூப்பு! 'வயசாயிடுச்சி, இனிமே என்ன பண்றது? வூட்டுக்குக் கூட்டிப் போங்க' என்னும் மறுமொழி, மருந்தை விட விரைவாகக் கிடைக்கின்றது. எல்லா நோய்க்கும் ஒரே பெயர் போதுமென்றால் மருத்துவக் கல்லூரிகள் எதற்கு?

'முது' என்னும் அடியிலிருந்து முதுமொழியும் மூதூரும் முதுகுடியும் மூதறிஞரும் பிறந்த மொழி தமிழ். முதுமையை அறிவின் விளைவாகக் கண்ட அம்மொழி வழங்கும் மண்ணில், இன்று அச்சொல் ஏழையை வெளியே தள்ளும் கதவாக ஆக்கப்பட்டிருக்கின்றது. நோயுற்றவனின் நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்தே மருத்துவன் வினை தொடங்க வேண்டுமென்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்துள் வகுத்தார். அகவையை அறிவது மருந்தின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ பயன்படும். மருந்தே இல்லையென்று சொல்வதற்கு அதனைக் கரணியமாக்கும் உரிமையை எந்த நூலும் யார்க்கும் தரவில்லை.

இக்கொடுமையின் முழு உருவத்தைக் காண விரும்புவோர் சென்னையின் வடகோடியிலுள்ள எண்ணூரைக் காண்க! கொற்றலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் மீனும் இறாலும் பிடித்து வாழ்ந்த குப்பங்களின் ஊர் அது. அவ்வூரைச் சுற்றித்தான் தொழில்வளம் என்னும் பெயரால் ஆலைகள் எழுந்தன. 1948இல் தோன்றிய அசோக் உந்துவண்டி நிறுவனத்தின் ஆலை அங்கே. 1969இல் அண்டையிலுள்ள மணலியில் எண்ணெய் தூய்மிப்பாலை. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1994இல் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம். நகரத்து மாளிகைகளில் விளக்கெரிய எண்ணூர் கரியை மூச்சாக இழுத்தது. ஆற்றிலே சாம்பல் படிந்தது. அலையாத்திக் காடு அழிந்தது. வலைக்கு மீன் குறைந்தது.

1970இல் இருபது அகவை இளைஞனாக எண்ணூர் அனல்மின் நிலையத்துக்குக் கரிச்சுமக்கச் சென்றவன், இன்று எழுபதுகளின் நடுவில் நிற்கும் கிழவன். அந்நிலையமோ 2017இல் மூடப்பட்டு விட்டது. பொறிக்கு ஓய்வு கொடுத்த அரசு, அப்பொறிக்கு இரையூட்டியவனின் நெஞ்சுக்கூட்டை எண்ணிப் பார்த்ததா? நிலையான பணியாளர்க்கு ஓய்வூதியமேனும் உண்டு. ஒப்பந்தக் கூலிக்கு என்ன உண்டு? மீன்கூடை சுமந்தே முதுகு வளைந்த தாய்க்கு என்ன உண்டு? தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமும் பணிப்பதிவு உடையார்க்கே. கடலிலும் கழியிலும் உழைத்தவர் பெயர் அப்பணிப்பதிவில் இல்லை.

2023ஆம் ஆண்டு திசம்பர் மாதம் ஒன்றே போதும், எண்ணூர் மக்களின் உயிர்க்கு ஆள்வோர் இட்டுள்ள விலையைக் காட்ட! மாதத் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்தொடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு, ஆற்றையும் கழிமுகத்தையும் மூடியது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கருத்தன. அக்கறை கழுவப்படுமுன்னே 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து உரத் தொழிற்சாலையின் அம்மோனியா கசிந்தது; மக்கள் கண்ணெரிந்து மூச்சுத் திணறி இருளில் ஓடினர். இளையோர் ஓடினர், ஓடமாட்டாத முதியோர் நிலை என்ன? ஆண்டுக்கணக்கில் கரித்தூளை உண்ட நுரையீரலுக்கு அவ்விரவின் நஞ்சு எத்துணைச் சுமை! நஞ்சை ஊர்க்குள் வைத்தவர்கள் மருத்துவத்தை எங்கே வைத்தார்கள்?

கிண்டியில் வைத்தார்கள்! முதியோர்க்கென்றே 200 படுக்கைகளொடு கட்டப்பட்ட நாட்டக முதியோர் மருத்துவ நடுவம் அங்கேதான் உள்ளது. வடகோடியிலுள்ள எண்ணூர்க் கிழவி, சரக்குப்பெட்டக வண்டிகள் அடைத்து நிற்கும் விரைவுச் சாலையில் இடிபட்டு, நகரத்தையே குறுக்கறுத்துத் தென்புறம் போய்ச் சேரவேண்டும். அதுவும் எப்போது திறக்கப்பட்டது? எழுந்து நின்ற கட்டடம் 2020இல் கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் அது முறையே. ஆனால், நோய் தணிந்த பின்னும் கதவு உடனே திறக்கவில்லை. 2024 பிப்பிரவரியில்தான் தலைமையமைச்சர் காணொலி வழியே திறந்து வைத்தார். முதியோர் காத்திருப்பர் என்னும் துணிவு ஆள்வோர்க்கு! காலம் மிகக் குறைவாக உள்ளவர்களையே மிக நீண்ட நாள் காக்க வைத்தனர்.

இத்தனைக்கும் இத்துறையில் தமிழகம் இந்தியாவுக்கே வழிகாட்டியது. 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பகுதியை மருத்துவர் வ.செ. நடராசன் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இலேயே அதற்கு மேற்பட்டப் படிப்பும் வந்தது. வழிகாட்டி ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தும் ஊர்தோறும் அம்மருத்துவம் சென்று சேராமை யார் குற்றம்? இந்திய அரசின் மதிப்பீட்டின்படியே 2021இல் தமிழகத்து மக்களில் 13.6 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர். 2031இல் அது 18.2 விழுக்காடாகும். ஏறத்தாழ ஒரு கோடி முதியோர்க்கு இருநூறு படுக்கைத் தனி மருத்துவமனை ஒன்று. மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்துப் படுக்கைப் பகுதி! கணக்குத் தெரியாத அரசா இது?

வள்ளுவர் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்றார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன். நான்காம் உறுப்பை அரசு மருத்துவமனை நோயாளியின் வீட்டின்மீது சுமத்தி விட்டது. 'கூட யார் வந்திருக்கா?' என்பதே அங்கே நுழைவுச் சீட்டு. தள்ளுவண்டி தள்ளவும், கழிப்பறைக்குத் தாங்கிச் செல்லவும், ஆய்வுக் குருதியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆள் இருந்தால் மருத்துவம் உண்டு. மகன் கடலுக்குப் போய்விட்டான், மகள் கூலிக்குப் போய்விட்டாள், கணவன் இறந்து விட்டான் என்றால் அம்மூதாட்டிக்கு மருத்துவமும் இறந்து விடுகின்றது! சீட்டிலோ மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில். தமிழ்நாட்டில், தமிழ் மட்டுமே அறிந்த மூதாட்டிக்கு, உயிர்காக்கும் குறிப்பை அயன்மொழியில் எழுதிக் கொடுப்பது மருத்துவமா, மறைப்பா? காலை மருந்தை இரவிலும் இரவு மருந்தைக் காலையிலும் விழுங்கி அவர் மயங்கி விழுந்தால், அதற்கும் 'மூப்பு' என்றே பெயரெழுதுவர்.

கொரோனாக் காலத்தில் இம்மனப்போக்கு அரசின் அறிக்கையிலேயே வெளிப்பட்டது. நாள்தோறும் வந்த சாவுக் கணக்கில் 'இணைநோய் உடையோர்', 'இல்லார்' என்று பிரித்துக் காட்டினர். மருத்துவ ஆய்வுக்கு அப்பகுப்புத் தேவையாயிருக்கலாம். ஆனால், முதியவர், நீரிழிவுடையவர் என்றவுடன் 'அப்படியானால் சரி' என்று ஊர் ஆறுதலடைய அது வழிசெய்தது. நீரிழிவுடையவன் சாவு அரைச் சாவா?

இந்நோய் உலகெங்கும் உண்டு. இத்தாலியில் 2020 மார்ச்சில் மயக்க மருத்துவர் கழகம், தீவிர மருத்துவத்துக்கு அகவை வரம்பு வைக்க நேரலாமென்று வழிகாட்டியது. அகவையே மருத்துவத்தை முடிவு செய்ததாக 149 ஆய்வுகளில் 85 விழுக்காடு காட்டியமையை உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் எடுத்துரைத்தது. ஆயினும் பிற நாடுகள் வாளாவிருக்கவில்லை. அகவை கரணியமாக மருத்துவத்தில் தகாத வேற்றுமை காட்டுவதைப் பிரித்தானியா 2012 முதல் சட்டப்படி தடுத்துள்ளது. இந்திய அரசமைப்பின் 15ஆம் பிரிவோ சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை எண்ணுகின்றது. அகவை என்னும் சொல் அப்பட்டியலில் இல்லவே இல்லை!

'பொருள் இல்லை, இளையோரை முதலில் காக்க வேண்டாவா?' என்று கேட்பார் உளர். இளையோரைக் காக்க வேண்டியதே. ஆனால், முதியோர் கேட்பது இரவலன்று. நாற்பதாண்டு முன்னதாகவே உழைப்பாகச் செலுத்திய தொகையின் திருப்பம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழக அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தால் குருதியழுத்த மருந்தும் நீரிழிவு மருந்தும் வீடு வருகின்றன. அது நன்று, பாராட்டுக்குரியது. வீட்டுக்கு மருந்தனுப்பத் தெரிந்த அரசுக்கு, மருத்துவமனைக்கு வந்தவரை உட்காரவைக்கத் தெரியாதா? இந்திய அரசோ இன்னும் கேடு. முதியோர் ஓய்வூதியத்துக்குத் தன் பங்காக 2007இல் மாதம் 200 உருபா என்று வரைந்தது. விலைவாசி பன்மடங்கு ஏறியும் எண்பதுக்குக் குறைந்த அகவையினர்க்கு அதனை உயர்த்தப் பல்லாண்டுகள் உள்ளமே வரவில்லை. தமிழக அரசு தன் பொருளைச் சேர்த்தே 2023இல் 1,200 ஆக்கிற்று. தமிழகத்தின் வரியைத் தண்டத் தில்லிக்கு நீளும் கை, தமிழகத்து முதியோர்க்குக் கொடுக்குங்கால் முடங்குகின்றது.

1782இல், பஞ்சத்தில் பட்டினி கிடந்தோர்க்கு வடசென்னையில் மணியக்காரர் சத்திரம் கஞ்சி ஊற்றியது. அதனையொட்டி 1799இல் எழுந்த மருத்துவமனையே பின்னாளில் இசுடான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. அயலார் ஆட்சியிற்கூட, நாதியற்றவர்க்கு உணவும் மருந்தும் ஒரே வாயிலில் கிடைத்த மண் அது. மக்களாட்சியில் அவ்வாயில் ஏன் குறுக வேண்டும்?

ஆகவே, தமிழ் மக்கள் கேட்க வேண்டியவை தெளிவு. 'இயன்ற மட்டும்' என்னும் சொற்கள் சட்டத்திலிருந்து அடிக்கப்படுக! முதியோர்க்குப் படுக்கை மறுக்கும் நிலைக்குத் துறைத்தலைவர் பொறுப்பாக்கப்படுக! கிண்டியில் உள்ளதற்கு ஒப்பான முதியோர் மருத்துவமனை ஒன்று எண்ணூர்–திருவொற்றியூர்ப் பகுதியில் எழுப்பப்படுக. அதற்கான செலவில் பெரும்பங்கை அம்மண்ணில் பொருளீட்டும் ஆலைகளும் மின்நிலையங்களும் தருக! துணையின்றி வரும் முதியவர்க்கு மருத்துவமனையே பேணாளரை அமர்த்துக! மருந்துக் குறிப்பு தமிழில் தரப்படுக!

இவை சலுகைகள் அல்ல, கடன். கடனைத் திருப்பிக் கேட்பவன் கைகட்டி நிற்பதில்லை. எண்ணூரின் குப்பங்களில் இருமிக்கொண்டு கிடக்கும் முதுகுடியின் குரலாக இளைஞர் எழுக! இன்று மூப்பென்று சொல்லி வெளியே தள்ளும் கதவு, நாளை தம் முன்னும் சாத்தப்படும் என்பதை உணர்ந்து எழுக!