கொல்லை மரமும் பழ ஈயும்

கோடை பிறந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கொல்லைதோறும் மாவும் கொய்யாவும் பழுக்கின்றன. பார்வைக்குக் குறையில்லாத பழத்தை அரிந்தால் உள்ளே வெண்புழு நெளிகிறது. உடனே அவரவர் தம் மரத்துக்கு மட்டும் மருந்தடிக்கிறார்கள். இது வீண் செலவு என்பதே எமது அபிப்பிராயம். சதைக்குள் இருக்கும் புழுவுக்கு மேலே தெளிக்கும் மருந்து எட்டுவது அரிது. தாய் ஈயோ அந்த ஒரு மரத்தில் மட்டும் வாழ்வதில்லை.

முதிரும் பழத்தின் தோலைத் துளைத்துத் தாய் ஈ முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணில் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. அதிலிருந்து வெளிவரும் ஈ உடனே முட்டையிடுவதில்லை. முட்டை முதிரப் புரதம் வேண்டும். அதற்காக இலைமேல் படியும் பூச்சிகளின் தேன்கசிவு, பறவை எச்சம், வெடித்த பழத்தின் சாறு ஆகியவற்றை நாடி அலைகிறது. இரை ஒரு கொல்லையிலும் பழம் மறு கொல்லையிலும் இருக்கலாம். நாம் போட்ட வேலியை அது அறியாது.

ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்படும் ஈயின் குணம் வேறு. அதற்கு உணவு தட்டில் வருகிறது. எனவே விரைவில் முட்டையிடும் ஈயே கூண்டில் பெருகுகிறது. தேடி அலையும் திறமை அங்கே தேவைப்படுவதில்லை. ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில், வளர்த்து மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, பாகல், பூசணி இனங்களைக் கெடுத்த ஈயை 1993-இல் ஒழித்தார்கள். அங்கும் வளர்ப்பு ஈயின் வலிமை குன்றாமல் காப்பது பெரும் பணியாயிற்று.

சாயத்தைத் துவைத்து, வெயிலில் உலர்த்திப் பார்க்காமல் எந்த நெசவாளரும் நம்புவதில்லை. அவ்வாறே, கூண்டு ஈயிடம் வென்ற பொறியை நம் மரங்களில் நம் ஈயிடம் சோதித்த பின்னரே சங்கம் மொத்தமாக வாங்க வேண்டும்.

பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹௌலெட் என்ற அறிஞர், மெத்தில் யூஜினால் என்னும் மணப்பொருள் ஆண் ஈக்களை ஈர்ப்பதை 1915-இல் எடுத்துரைத்தார். நம் வீட்டுத் துளசியிலும் இப்பொருள் உண்டு. இன்றைய மாந்தோப்புப் பொறிகளுக்கு ஆதாரம் இதுவே. ஆனால் இப்பொறியில் ஆண் ஈ மட்டுமே விழும். தப்பிய ஓர் ஆண் பல பெண் ஈக்களோடு கூடும். ஆகவே ஒரு கொல்லையில் மட்டும் பொறி வைப்பதால் பயன் சொற்பமே.

“எனக்குத் தோப்பா இருக்கிறது, ஒற்றைக் கொய்யாதானே?” என்று நெசவாள அங்கத்தினர் கேட்கலாம். அந்த ஒற்றை மரத்தடியில் அழுகும் பழமே அடுத்த தெரு மாமரத்துக்கு ஈயை அனுப்புகிறது. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பதும், மரத்தடி மண்ணைக் கிளறிவிடுவதும் காசு கேட்காத காரியங்கள். பொறிகளைத் தெரு முழுவதும் ஒரே நாளில் கட்டுவது சங்கத்தால் ஆகக்கூடிய காரியம்.

நமக்கு அருகே, திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. தனியாகச் சுமக்க முடியாத கடன் பாரத்தை அவ்வூரார் ஒன்றுகூடிச் சுமந்தார்கள். பழ ஈயும் அத்தகைய பாரமே. அடுத்த மாங்காய்ப் பருவத்துக்கு முன்பாகப் பொதுக்குழு இதனைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று கோருகிறோம்.