வாடகைக்கு வந்த மாரியோ

போன வருஷம் நியூ ஜெர்சியில் பையன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். குளிர் காலம். ஜன்னல் வழியாகப் பனி கொட்டுவதைப் பார்ப்பது, மதியம் ஒரு தூக்கம், ராத்திரி சீக்கிரம் சாப்பாடு. நம் வயதுக்காரர்கள் அங்கே போனால் இதுதான் நித்திய கதி. அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் இருந்து ஒரு மெட்டு கேட்டது. எங்கேயோ கேட்ட மெட்டு. இரண்டு நிமிஷம் கழித்துத்தான் பிடிபட்டது. முப்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் ஒலித்து, "முதல்ல அதை நிறுத்துடா" என்று நான் கத்திய அதே மெட்டு. எட்டிப் பார்த்தால், பையனும் ஒன்பது வயதுப் பேத்தியும் பெரிய டிவி முன்னால் உட்கார்ந்து மாரியோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மீசை வைத்த அதே குள்ளன். அதே பச்சைக் குழாய்கள்.

"இது பழைய கேசட்டா?" என்று கேட்டேன்.

"கேசட் இல்லைப்பா. நிண்டெண்டோ கம்பெனியே பழைய கேம்களைப் புது கன்சோல்ல ஆட விடறான். வருஷத்துக்கு இருபது டாலர்."

"அப்போ வாங்கிட்டே, உன்னோடதுதானே?"

"இல்லைப்பா. பணம் கட்டற வரைக்கும்தான். நிறுத்தினா போயிடும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தது. டிவியில் சொருகி ஆடும் பெட்டி. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-ல் வந்தது. அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்லி வரும் ஒரு தாமரைப் பூ படம் அதைவிடப் பெரியது. அந்தப் பழைய விளையாட்டை இன்றைய கன்சோலில் ஓட்ட வேண்டுமானால், புதிய மிஷின் பழைய மிஷினைப் போல நடிக்க வேண்டும். பழைய சிப் எந்தக் கட்டளைக்கு என்ன செய்யுமோ, அதை ஒரு புரோகிராம் அப்படியே செய்து காட்டும். மிமிக்ரி கலைஞர் சிவாஜி குரலில் பேசுவது போலத்தான். விளையாட்டைக் கேட்டால், தான் இன்னும் பழைய பெட்டிக்குள்தான் இருக்கிறேன் என்று சொல்லும். இதற்குப் பெயர் எமுலேஷன். ரசிகர்கள் தாங்களாகவே இதைக் கம்ப்யூட்டரில் பல வருஷமாகச் செய்து வருகிறார்கள். கம்பெனிகளே முறைப்படி செய்து காசு வாங்குவதுதான் நான் சொல்லும் சேவை.

இதில் நல்லது நிறைய இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். பேத்தி என் கையிலும் கண்ட்ரோலரைக் கொடுத்தாள். எதிரே நடந்து வந்த முதல் காளான் பூதத்திலேயே முட்டிச் செத்தேன். "தாத்தா, இந்த ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துங்க" என்றாள். அழுத்தினேன். காலம் பின்னால் ஓடியது, செத்தவன் எழுந்து நின்றான். 1985-ல் இந்த வசதி கிடையாது. பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம், மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். எழுபதைத் தாண்டிய கைக்கு இதெல்லாம் பெரிய உபகாரம்.

இன்னொரு நல்லதும் உண்டு. 1992-ல் நான் பர்மா பஜாரில் பையனுக்கு வாங்கிக் கொடுத்த டிவி கேம் அசல் அல்ல. ஃபேமிகாமைப் பார்த்து எவனோ செய்த நகல். கேசட் மேல் லட்சக்கணக்கில் விளையாட்டு என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பன்னிரண்டுதான் திரும்பத் திரும்ப வரும். ஓடவில்லை என்றால் கேசட்டை எடுத்து வாயால் ஊதி மறுபடி சொருக வேண்டும். நம் ஊரில் அந்தத் தலைமுறைப் பையன்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஆடினார்கள். அதில் ஒரு பைசாகூட அதைச் செய்தவர்களுக்குப் போயிருக்காது. இன்று என் பையன் கட்டும் இருபது டாலர் உரியவர்களிடம் போகிறது. பழைய கடனை அடைப்பது போலத்தான். எனக்கு அதில் சந்தோஷமே.

என் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு மட்டும்தான் தருவேன் என்பதுதான் தவறு.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 2006-ல் வீ என்ற கன்சோல் வந்தபோது, பழைய விளையாட்டுகளைத் தனித்தனியாக விலைக்கு விற்றார்கள். ஃபேமிகாம் காலத்து விளையாட்டு ஒன்று ஐந்து டாலர். வாங்கியவர் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2012-ல் அடுத்த கன்சோல் வந்தது. பழைய கொள்முதலைக் கொண்டுபோக வழி வைத்தார்கள், ஆனால் அதன் புதிய வசதிகளோடு ஆட ஒரு டாலர், ஒன்றரை டாலர் மேலே கட்ட வேண்டும். 2017-ல் ஸ்விட்ச் வந்தது. அதற்குப் பழைய கொள்முதல் எதுவும் வரவில்லை. 2018 செப்டம்பரில் இந்தச் சந்தா முறை வந்தது. 2019 ஜனவரியில் வீயின் கடையை இழுத்து மூடினார்கள். அதற்கு அடுத்த தலைமுறைக் கருவிகளின் கடையும் 2023 மார்ச்சில் மூடியாகிவிட்டது. ஒரே மாரியோவை வீயில் வாங்கி, அடுத்ததில் மறுபடி வாங்கி, இப்போது ஸ்விட்சில் வாடகை கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வீட்டை வாங்கியவனிடம் தெருவை மாற்றிவிட்டோம், இனி வாடகை கொடு என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

சந்தாவில் பட்டியல் பெரிதுதான். 2021-ல் இன்னும் உயர்ந்த சந்தா ஒன்று வந்தது, வருஷத்துக்கு ஐம்பது டாலர். அதில் தொண்ணூறுகளின் விளையாட்டுகளும் சேர்ந்தன. ஆனால் பட்டியலில் எது இருக்கும், எது போகும் என்பது நம் கையில் இல்லை. 2025-ல் ஜப்பானில் பழைய கால்பந்து விளையாட்டு ஒன்றைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றை எடுக்க முடியும் என்றால் எல்லாவற்றையும் எடுக்க முடியும் என்றுதான் அர்த்தம்.

பையன் கம்பெனியின் பக்கம் பேசினான். "அப்பா, நூறு கேமைத் தனித்தனியா வாங்கினா ஐநூறு டாலர் ஆகும். இருபது டாலருக்கு எல்லாம் கிடைக்குது. நீங்களும் கேபிள் டிவிக்கு மாசாமாசம் கட்டலையா?" என்றான். நியாயமான கேள்விதான். பழைய விளையாட்டுகளுக்குள் அடுத்தவருக்குச் சொந்தமான பாட்டு, கார் பெயர், ஆட்டக்காரர்களின் பெயர் எல்லாம் இருக்கும். அவற்றுக்கான ஒப்பந்தம் காலாவதியானால் மறுபடி விற்பது சுலபமில்லை. சர்வருக்கும் ஆளுக்கும் செலவு உண்டு. எல்லாம் சரி. வாடகையை நிறுத்தச் சொல்லவில்லையே. வாடகையும் இருக்கட்டும், விலைக்கும் கொடுங்கள் என்கிறேன். நூறு வேண்டாம், எனக்குப் பிடித்த இரண்டு போதும், அது என்றும் என்னுடையது என்று சொல்கிறவனுக்கு ஒரு வழி வேண்டும். லெண்டிங் லைப்ரரியில் சந்தா கட்டிப் படித்தவர்கள்தான் நாம். பிடித்த புத்தகத்தைக் கடையில் வாங்கிப் பெயர் எழுதி அலமாரியிலும் வைத்தோம். ஒன்று இருப்பதால் இன்னொன்று வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

முடியாத காரியமும் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2015-ல் தன் புதிய எக்ஸ்பாக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளை ஓடச் செய்தது. அதுவும் எமுலேஷன்தான். உங்கள் பரணில் கிடக்கும் பழைய டிஸ்கைப் போடுங்கள், அந்த விளையாட்டு பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு காசு வாங்காமல் புதிய கன்சோலுக்கு ஏற்ற பிரதி இறங்கும். எல்லா விளையாட்டும் பட்டியலில் வரவில்லை, 2021-க்குப் பிறகு புதிதாகச் சேர்க்கவும் இல்லை. இருந்தாலும் "நீ ஏற்கெனவே வாங்கியது உன்னுடையது" என்ற மரியாதை அதில் இருக்கிறது. 2024 ஜூலையில் 360-ன் கடையை மூடியபோதும், வாங்கியவர்கள் தங்கள் விளையாட்டை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மனம் இருந்தால் வழி இருக்கிறது.

"குழந்தைகள் விளையாட்டுக்கு இவ்வளவு கவலையா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 1931-ல் வந்த காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம். இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. அந்தக் காலத்தில் சினிமாவும் பொழுதுபோக்குக் குப்பைதான். ஓடி முடிந்த படச்சுருளை யார் காப்பார்கள்? அதில் இருக்கும் வெள்ளிக்காகவே உருக்கப்பட்ட பழைய படங்கள் உலகெங்கும் ஏராளம். இன்று நாம் வருந்துகிறோம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. நூலகங்கள் ஆராய்ச்சியாளர்களுக்கு இவற்றைத் தூரத்தில் இருந்தே பார்க்கக் கொடுக்கலாமா என்று அங்கே அனுமதி கேட்டார்கள். 2024 அக்டோபரில் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. கம்பெனியும் விற்காது, நூலகமும் கொடுக்கக் கூடாது என்றால் அந்த 87 சதவீதம் எங்கே போகும்? காளிதாஸ் போன இடத்துக்குத்தான்.

நான் கேட்பது மூன்றுதான். சந்தாவோடு கூட, விலைக்கும் கொடுங்கள். விலைக்குக் கொடுத்ததை ஆளின் கணக்கில் வையுங்கள், மிஷினோடு சேர்த்துச் சாகடிக்காதீர்கள். உங்களுக்கே விற்க விருப்பமில்லாத விளையாட்டுகளை நூலகங்கள் காட்டவாவது விடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

1996-ல் பையன் ப்ளஸ் டூ போகும் நேரம். படிப்பு கெடுகிறது என்று, அவன் ட்யூஷன் போயிருந்தபோது அந்த டிவி கேம் பெட்டியையும் கேசட்டுகளையும் பழைய சாமான்காரரிடம் போட்டேன். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. அவன் வந்து தேடினான். நான் சொன்னேன். அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த வாளியில் மட்டும் அவன் குளித்ததில்லை.

அன்று ஹாலில் அதை அவனிடம் சொன்னேன். "தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். அவன் கண்ட்ரோலரைக் கீழே வைக்காமலே சிரித்தான். "படிக்கணும்னு செஞ்சீங்க, அது தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ப்பா, அவ்வளவுதான்" என்றான்.

கேட்காமல் எடுப்பது. நான் ஒரு பெட்டியை எடுத்தேன். கம்பெனிகள் ஒரு நாள் ஒரு பட்டனை அழுத்தி லட்சக்கணக்கான வீடுகளில் இருந்து எடுத்துவிடலாம். எனக்குக் காரணம் படிப்பு, அவர்களுக்குக் காரணம் கணக்கு. பறிகொடுத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் வீட்டுப் பரண்களிலும் பிள்ளைகள் விட்டுப்போன சாமான்கள் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.