ஒரு மாளிகையை எப்படிப் பார்ப்பது?

இங்கிலாந்தின் பழைய மாளிகைகளின் படங்கள் முகநூலில் வரும்போதெல்லாம் கீழே பெரும்பாலும் இரண்டு விதமான கருத்துகளைத்தான் காண்கிறோம். "வெள்ளைக்காரன் கட்டினால் கட்டினதுதான்" என்பது ஒன்று. "எல்லாம் நம்மிடம் அடித்த கொள்ளை" என்பது மற்றொன்று. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும் நாம் இந்த இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போக முடியாது. இரண்டுமே கட்டிடத்தைப் பார்க்காமல் சொல்லும் பதில்கள்.

டர்பிஷயரில் இருக்கும் கெடில்ஸ்டன் ஹோலை எடுத்துக்கொள்வோம். நதானியேல் கர்சன் என்ற நிலப்பிரபு 1759இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. மெத்யூ பிரெட்டிங்ஹாமும் ஜேம்ஸ் பெயினும் ஆரம்பித்த வேலையை, இத்தாலியில் ரோமானிய இடிபாடுகளை அளந்து படித்துவிட்டு வந்திருந்த ரொபர்ட் அடம் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

முதலில் அதன் அழகை ஒப்புக்கொள்வோம். உள்ளே நுழைந்ததும் வரும் பெரிய மண்டபத்தில் 20 தூண்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 அடி உயரம். அலபாஸ்டர் என்ற மென்மையான கல்லில் செதுக்கியவை. அந்தக் கல் இத்தாலியிலிருந்து வரவில்லை, இங்கிலாந்து மண்ணிலேயே வெட்டியது. வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகிறது. அதைத் தாண்டினால் வட்டமான ஓர் அறை. மேலே ரோமின் பந்தியனை நினைவூட்டும் குவிமாடம், சுமார் 62 அடி உயரத்தில். ஒடுக்கமான வாசலிலிருந்து அகன்ற மண்டபத்துக்கும், அங்கிருந்து வட்டத்துக்கும் மனிதனை நடத்திக்கொண்டு போகத் தெரிந்த ஒருவர் வரைந்த வீடு இது. இதைத் திறமை இல்லை என்று சொன்னால் பிள்ளைகளே நம்மை நம்பமாட்டார்கள்.

ஆனால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தெற்கு முகப்பு ரோமிலுள்ள கொன்ஸ்டன்டைன் வளைவை மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. அந்த வளைவு ஒரு பேரரசன் போரில் வென்றதற்காக எழுப்பப்பட்டது. இந்த வீட்டுக்காரர் எந்தப் போரை வென்றார்? யாரைத் தோற்கடித்தார்?

விடை வீட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. மாளிகையை ஒட்டி ஒரு பழைய தேவாலயம் மட்டும் தனியாக நிற்கிறது. ஊர் இல்லாத இடத்தில் தேவாலயம் ஏன்? அங்கே ஊர் இருந்தது. பூங்காவின் காட்சி கெடக் கூடாது என்பதற்காகக் கெடில்ஸ்டன் கிராமம் அங்கிருந்து அகற்றப்பட்டது. பொதுப் பாதையும் திருப்பி விடப்பட்டது. ஆக, இந்த மாளிகைக்காக முதலில் வீடு இழந்தவர்கள் ஆங்கிலேய ஏழைகள். "எல்லாம் நம்மிடம் அடித்த கொள்ளை" என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதிகாரம் கடல் கடந்து வருவதற்கு முன் சொந்த ஊரிலேயே பழகிக்கொண்டது.

1777இல் இதைப் பார்த்த அறிஞர் சாமுவேல் ஜோன்சன், இது வீட்டைவிட நகர மண்டபத்துக்கு நன்றாகப் பொருந்தும் என்ற விதத்தில் கேலி செய்தார். அந்தக் கேலி கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது. ஆனால் இங்கிலாந்தில் அல்ல, கல்கத்தாவில்.

வெல்லஸ்லி பிரபு 1799இல் அங்கே கவர்னர் மாளிகை கட்டத் தொடங்கினார். வரைந்தவர் சார்ள்ஸ் வயட். மாதிரியாக எடுத்தது கெடில்ஸ்டனை. கெடில்ஸ்டனுக்கு நான்கு பக்கக் கட்டிடங்கள் திட்டமிடப்பட்டு இரண்டுதான் எழுந்தன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. ஒரு நிலப்பிரபுவின் வீட்டில் அரைகுறையாக நின்ற கனவு, ஆளப்பட்ட மக்களின் நாட்டில் முழுமையானது. செலவைப் பார்த்து லண்டனிலிருந்த கம்பனி இயக்குநர்களே கோபப்பட்டார்கள்.

1859இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜோர்ஜ் கர்சன் 1899இல் இந்தியாவின் வைஸ்ராயாகி, தான் பிறந்த வீட்டின் பிரதியிலிருந்தே ஆட்சி செய்தார். அவரைப் பற்றியும் நீதியாகப் பேச வேண்டும். தாஜ்மஹாலைப் பழுதுபார்க்க வைத்தவர் அவர். கெய்ரோவில் செய்வித்து அவர் கொடுத்த விளக்கு அங்கே தொங்குகிறது. 1904இன் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும் அவர் காலத்தது. 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தவரும் அவரேதான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அது வரலாறு அல்ல.

கெடில்ஸ்டனின் கீழ்த்தளத்தில் அவர் ஆசியாவிலிருந்து கொண்டுபோன பொருட்கள் ஒரு நூதனசாலையாக இருக்கின்றன. 1903 டில்லி தர்பாரின்போது அவரது மனைவி அணிந்த மயிலாடையும் அந்த மாளிகையில்தான் இருக்கிறது. தங்க, வெள்ளி இழைகளும் பச்சை வண்டுச் சிறகுகளும் வைத்து இந்தியக் கைவினைஞர்கள் தைத்தது. எடை சுமார் 10 இறாத்தல். ஆனால் அது அணிந்தவரின் பெயரால்தான் அறியப்படுகிறது, தைத்தவர்களின் பெயரால் அல்ல.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளுக்கு எந்தப் பெரிய கட்டிடத்தைக் காட்டினாலும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். யார் வரைந்தது? யார் கையால் எழுந்தது? அது எழுவதற்காக யார் எழும்பிப் போனார்கள்? முதல் கேள்விக்குப் பாடநூலில் விடை இருக்கும். மற்ற இரண்டுக்கும் பிள்ளைகள் தேட வேண்டும். கொழும்பு காலிமுகத்திடலில் பழைய பாராளுமன்றக் கட்டிடத்தின் தூண்களைப் பார்க்கும்போதும் இதையே கேட்கட்டும். நாளை நம்மவர்கள் கட்டுகின்றவற்றைப் பார்க்கும்போதும் கேட்கட்டும்.

ரசிக்கத் தெரியாத பிள்ளையும் வேண்டாம், ரசித்தவுடன் கேள்வியை மறந்துவிடும் பிள்ளையும் வேண்டாம். உங்கள் வகுப்பில் இதை எப்படிச் செய்யலாம் என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.